பெரிய விசைப்படகை வீட்டில் உள்ளவர்களும் ஓட்ட இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 27 அடிக்கு மேற்பட்ட சொந்த விசைப்படகு வைத்திருக்கும் குடும்பங்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஃப்ளோரிடாவிலிருந்து வருகின்றன. படகுகளும் புயலும் இன்சூரன்ஸ்காரர்களின் கெடுபிடியும் அங்கேதான் அதிகம். படகை வாடகைக்கு விடுபவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு வேறு வகைப் பாலிசி உண்டு.

கார் மாதிரி, உரிமையாளர் சாவியைக் கொடுத்தால் போதாதா?

சிறிய படகுக்கு ஏறக்குறைய அப்படித்தான். ஏரியில் ஓட்டும் 20 அடிப் படகின் பாலிசியில், உரிமையாளர் அனுமதித்தவர் யாராக இருந்தாலும் காப்பு உண்டு என்ற வாசகம் சாதாரணமாக இருக்கும். 26, 27 அடியைத் தாண்டியதும் பெரும்பாலான நிறுவனங்கள் அதைப் ‘போட்’ கணக்கிலிருந்து ‘யாட்’ கணக்குக்கு மாற்றிவிடுகின்றன. அங்கே ஓட்டுபவர்கள் பெயர் சொல்லி ஏற்கப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘ஆப்பரேட்டர்கள்’ என்ற கட்டம் இருக்கும். அதில் எழுதி, அண்டர்ரைட்டர் (விண்ணப்பத்தை ஏற்பதா என்று முடிவு செய்யும் நிறுவன அதிகாரி) ஒப்புக்கொண்டவர்கள் மட்டுமே ஓட்டலாம். மனைவி என்பதாலோ மகன் என்பதாலோ அந்தப் பட்டியலில் தானாக இடம் கிடைத்துவிடாது.

என் பாலிசி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பக்கத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. பின்னால் கோத்திருக்கும் இணைப்புகளில் ‘நேம்டு ஆப்பரேட்டர்’ (பெயர் சொல்லி ஏற்கப்பட்ட ஓட்டுபவர்) என்ற தலைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதன் வினைச்சொல்லை நிறுத்திப் படியுங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஒரு வகை வாசகம், படகு நகரும்போது பட்டியலில் உள்ள ஒருவர் ‘படகில் இருந்து, பொறுப்பேற்றிருக்க வேண்டும்’ என்று சொல்லும். இதன்படி அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு மகள் சுக்கான் பிடிக்கலாம். இன்னொரு வகை, பட்டியலில் உள்ளவர் ‘சுக்கானில் இருக்க வேண்டும்’ என்று சொல்லும். இதில் அப்பா கீழே இறங்கிக் காபி போடும் 5 நிமிடத்தில் மகள் பாறையில் ஏற்றிவிட்டால், அப்பா படகில் இருந்தார் என்பது உதவாது. மூன்றாவது வகையில் ‘இயக்குவது’ என்று மட்டும் போட்டு, அதற்கு விளக்கமே இருக்காது. தகராறுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் முளைக்கின்றன. ஏஜெண்டிடம் வாயால் கேட்டுத் தெளிவு பெறுவதில் பயனில்லை. “பட்டியலில் உள்ளவர் பக்கத்தில் நிற்க, பட்டியலில் இல்லாத 17 வயது மகள் ஓட்டினால் காப்பு உண்டா?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் அண்டர்ரைட்டரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும். முடிந்தால் பாலிசியின் இணைப்பாகவே வர வேண்டும்.

தானியங்கிச் சுக்கான் ஓடும்போது யார் இயக்குகிறார்கள் என்றும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் காவல் பார்ப்பவரே இயக்குபவர் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அண்டர்ரைட்டர் ஒருவரை எதை வைத்து எடை போடுகிறார்?

முதலில் தாவல். இதுவரை ஓட்டிய படகுக்கும் இந்தப் படகுக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று பார்ப்பார்கள். 10 அடி வரை ஏறினால் பலர் கண்டுகொள்வதில்லை. 22 அடியிலிருந்து 45 அடிக்குத் தாவினால் பயிற்சி கேட்பார்கள். அடுத்தது இன்ஜின். பின்னால் மாட்டும் ஒற்றை அவுட்போர்டு இன்ஜினிலேயே பழகியவருக்கு இரட்டை டீசல் புதிய தொழில். பிறகு எந்த நீர் என்பது: உள்நாட்டு ஏரியில் 15 வருடம் ஓட்டியிருந்தாலும், அலை உடையும் கடல்வாயில் நுழைந்து பழக்கமில்லை என்றால் அந்த அனுபவத்தைப் பாதிக்கும் கீழாகத்தான் மதிப்பார்கள். சொந்தமாக வைத்திருந்த படகில் வந்த அனுபவத்துக்கு மதிப்பு கூடுதல், நண்பரின் படகில் போனதற்குக் குறைவு. பராமரிப்பும் பழுதும் உரிமையாளர் தலையில்தான் விடியும், அதனால்.

இவற்றோடு ஒவ்வொருவரின் கார் ஓட்டுநர் பதிவையும் எடுத்துப் பார்ப்பார்கள். காருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கோபப்பட்டுப் பயனில்லை. வீட்டில் ஒருவருக்கு மூன்று வேக மீறல் சீட்டுகள் இருந்தால், மொத்த விண்ணப்பமும் அதில் தடுக்கி விழும்.

படகு அனுபவக் குறிப்பை எப்படி எழுதுவது?

ஆளுக்கு ஒரு பக்கம், தனித்தனியாக. “அப்பாவுக்கு 20 வருட அனுபவம், குடும்பத்தினருக்கும் அதே” என்று எழுதுவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. அண்டர்ரைட்டர் அதை ‘குடும்பத்தினருக்கு அனுபவம் இல்லை’ என்று படிப்பார்.

ஓட்டிய ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரி: தயாரிப்பும் ஆண்டும், நீளம், இன்ஜின் எண்ணிக்கையும் குதிரைத்திறனும், சொந்தமா பிறருடையதா, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த நீர், ஏறக்குறைய எத்தனை நாள், அதில் தானே சுக்கானில் இருந்தது எத்தனை நாள். இந்தக் கடைசி எண்ணை ஊதிப் பெருக்காதீர்கள். வருடத்துக்கு 12 வார இறுதிகள் போன குடும்பத்தில் நாலு பேருக்கும் தலா 24 நாள் ஓட்டிய அனுபவம் இருக்க முடியாது, இது எவருக்கும் தெரியும் கணக்கு. கீழே படிப்புச் சான்றிதழ்கள், விபத்துகள், பழைய கிளெய்ம்கள். சின்னக் கிளெய்மானாலும் எழுதிவிடுங்கள், அவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

படகு வாங்கும் எண்ணம் வந்த அன்றே வீட்டில் ஒரு பதிவேடு தொடங்கிவிடுவது நல்லது. தேதி, கிளம்பிய இடம், சேர்ந்த இடம், யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார், துறையில் கட்டியது யார், காற்று எப்படி என்று எழுதி வாருங்கள். ஒரு பருவம் எழுதினாலே போதும், அடுத்த புதுப்பிப்பில் மனைவியின் பெயரைச் சேர்க்க அதைவிட வலுவான சான்று வேறில்லை.

கேப்டனை வைத்துப் பயிற்சி எடுக்கச் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம்?

ஒரு நிறுவனம் 10 மணி நேரம் என்னும், இன்னொன்று 25 என்னும், 50 அடிக்கு மேற்பட்ட படகுக்கு 40-ம் கேட்பார்கள். “கேப்டன் திருப்தியடையும் வரை” என்று எண்ணே இல்லாமல் எழுதுபவர்களும் உண்டு. எண் போடாததைப் பார்த்து எளிது என்று நினைக்கவேண்டாம். நல்ல கேப்டன் அவ்வளவு சீக்கிரம் திருப்தியடைய மாட்டார்.

கேப்டனுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை உரிமம் இருக்க வேண்டும். ‘சிக்ஸ்-பேக்’ என்று சொல்லப்படும், ஆறு பயணிகள் வரை ஏற்றிச் செல்வதற்கான அடிப்படை உரிமமே பல நிறுவனங்களுக்குப் போதும், சிலர் அதற்கு மேல்நிலையான ‘மாஸ்டர்’ உரிமம் கேட்பார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அவரது உரிம நகலையும் அனுபவக் குறிப்பையும் அனுப்பி, “இவரை ஏற்கிறீர்களா?” என்று கேட்டு வாங்குங்கள். முடித்த பிறகு கேப்டன் நிராகரிக்கப்பட்டால் பணமும் மணி நேரமும் போனது போனதுதான்.

உரிமையாளர் ஓட்டுவதைக் குடும்பம் வேடிக்கை பார்த்த நேரம் குடும்பத்தின் கணக்கில் சேராது. இருவர் பட்டியலில் சேர வேண்டுமானால், ஒவ்வொருவரும் தம் கையால் ஓட்டிய மணி நேரத்தைத் தனியாக எழுதக் கேப்டனிடம் சொல்லுங்கள்.

பயிற்சியில் எவற்றைச் செய்து பார்க்க வேண்டும்?

நேராகக் கடலில் ஓடுவது யாருக்கும் வரும். பணம் போவது துறைக்குள்தான். இரட்டை இன்ஜின் படகில் சுக்கானை நடுவில் வைத்துவிட்டு, வேகம் கூட்டும் த்ராட்டிலைத் தொடாமல், இரண்டு கியர்களை மட்டும் முன்னும் பின்னும் போட்டுப் படகை இருந்த இடத்திலேயே திருப்பப் பழக வேண்டும். பதற்றத்தில் த்ராட்டிலைத் தள்ளுவதுதான் புதியவர்கள் பக்கத்துப் படகில் மோதக் காரணம். 15 டன் படகு, இன்ஜின் ஐட்லில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓட நகரும்போதுகூட, பின்கியர் போட்டதும் நின்றுவிடாது. பக்கவாட்டுக் காற்றில் இடத்துக்குள் பின்னோக்கி நுழைவது அடுத்தது. முகப்பிலிருந்து பின்னோக்கிக் கரையில் கட்டிய ஸ்பிரிங் கயிற்றின் பலத்தில் மெல்ல முன்கியர் கொடுத்துப் பின்பகுதியை விலக்கிக் கிளம்புவதையும் செய்து பாருங்கள். முகப்பைப் பக்கவாட்டில் தள்ளும் பௌ த்ரஸ்டர் இருந்தால் பாதி நேரம் அதை அணைத்துவிட்டுப் பழகுங்கள். அது உயிரை விடும் நாள் பெரும்பாலும் காற்றடிக்கும் நாளாகத்தான் இருக்கும்.

ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு மற்றொன்றில் மட்டும் துறைக்கு வந்து கட்டுவதையும் கேளுங்கள். நங்கூரம் போடுவது, ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு கயிறு விடுவது. தண்ணீரில் விழுந்தவரை எடுப்பது. ரேடியோவில் 16-ஆம் சேனலில் அபாய அழைப்பு, ஃப்ளோரிடாவில் தூக்குப்பாலத்துக்கு 9-ஆம் சேனலில் அழைப்பு. இன்ஜின் அறையில் கடல்நீர் வடிகட்டி, எண்ணெய், கூலன்ட், பில்ஜ் பம்ப் (படகுக்குள் சேரும் நீரை இறைப்பது), அடிவால்வுகள் (படகின் அடித்துளைகளை மூடுபவை) எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தெரிய வேண்டும். கிளெய்ம்களில் மோதலுக்கு இணையாக வருவது ‘தண்ணீர் ஏறி மூழ்கியது’. அதற்கு வேண்டியது ஓட்டத் தெரிவதைவிட வால்வை மூடத் தெரிவது. கடைசியாக ஒரு இரவுப் பயணம், ஒரு கடல்வாய் நுழைவு.

கேப்டன் தரும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேப்டனின் உரிம எண்ணும் முடியும் தேதியும், படகின் 12 எழுத்து அடையாள எண், பயின்றவரின் முழுப்பெயர், தேதிவாரியாக மணி நேரம், நடந்த நீர், செய்து காட்டியவை, “இவர் இந்தப் படகை இந்த நீரில் பாதுகாப்பாக ஓட்டத் தகுதியானவர் என்று கருதுகிறேன்” என்ற ஒரு தெளிவான வரி, கையெழுத்து. ஆளுக்கு ஒரு கடிதம். “குடும்பத்தினர் நன்றாகப் பழகினார்கள்” என்று பொதுவாக எழுதிய கடிதம் திரும்பி வரும்.

கடிதத்தை அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. “கிடைத்தது, நன்றி” என்ற பதில் அனுமதியாகாது. ‘கேப்டன் உடனிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை நீக்கி, பெயரைச் சேர்த்த இணைப்பு நிறுவனத்திடமிருந்து கையில் வர வேண்டும். அதுவரை கேப்டன் இல்லாமல் படகை அவிழ்க்கவே கூடாது. டீசல் போடப் பக்கத்துத் துறைக்கு நகர்த்துவதும் ஓட்டுவதுதான்.

பயிற்சிக்கு வந்த கேப்டன் நம் படகில் விழுந்து காலை முறித்துக்கொண்டால்?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சம்பளத்துக்கு வந்தவர் 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டப்படி ‘கடற்பணியாளர்’ என்ற முறையில் உங்களிடம் இழப்பீடு கோர வாய்ப்புண்டு. சாதாரண யாட் பாலிசியில் சம்பளப் பணியாளருக்கான பொறுப்புக் காப்பு (அவருக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் ஏற்பது) தானாக இருக்காது. ‘பெய்டு க்ரூ’ இணைப்பைப் பயிற்சிக் காலத்துக்காவது வாங்கிவிடுங்கள்.

மாநிலம் தரும் படகுக் கல்வி அட்டை இருந்தால் போதாதா?

அது சட்டத்துக்கான அட்டை. ஃப்ளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர் 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட படகை ஓட்ட அந்த அட்டை வேண்டும். நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் 2025 ஜனவரி 1 முதல் வயது வித்தியாசமின்றி மோட்டார் படகு ஓட்டும் எல்லோருக்கும் படகுக் கல்விச் சான்று கட்டாயம்.

சட்டமும் பாலிசியும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஃப்ளோரிடாவில், அட்டையுள்ள அல்லது அட்டை தேவைப்படாத 18 வயது நிறைந்த ஒருவர் கூட இருந்து பொறுப்பேற்றால், அட்டையில்லாதவரும் ஓட்டலாம். காவலர் அபராதம் போடமாட்டார். இன்சூரன்ஸ் நிறுவனம் அதே காரணத்துக்குக் கிளெய்மை மறுக்கலாம்.

இருந்தாலும் வீட்டில் எல்லோரும் எடுத்துவிடுங்கள். இணையத்திலேயே முடிக்கலாம், பல நிறுவனங்கள் பிரீமியத்தில் சலுகையும் தருகின்றன, அனுபவக் குறிப்பில் காலியாக இருக்கும் இடமும் நிரம்பும்.

மனைவியோ மகனோ கடலோரக் காவல்படை உரிமமே எடுத்துவிட்டால்?

சொந்தப் படகை ஓட்டச் சட்டப்படி அது வேண்டியதில்லை. ஆனால் அண்டர்ரைட்டரிடம் அதற்கு ஈடான தாள் வேறில்லை. ‘சிக்ஸ்-பேக்’ உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது, 360 நாள் படகுப் பணி, அதில் 90 நாள் கடந்த 3 ஆண்டுக்குள். கரையோரக் கடலுக்கான உரிமம் என்றால் 90 நாள் கடலில் ஆனதாக இருக்க வேண்டும். சிறிய படகில் குறைந்தது 4 மணி நேரம் ஓடினால் ஒரு நாள். நாட்களை எழுதும் படிவம் சி.ஜி-719எஸ். படகு சொந்தமானால் உரிமைச் சான்றை இணைத்து உரிமையாளரே தம் நாட்களுக்குக் கையெழுத்திடலாம், குடும்பத்தினரின் நாட்களுக்கும் அவரே சான்றளிக்கலாம். மேலே சொன்ன பதிவேடு இங்கேயும் கைகொடுக்கும். மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை, முதலுதவிச் சான்று எல்லாம் உண்டு. கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும்.

டீன் ஏஜ் பிள்ளைகளைச் சேர்க்க முடியுமா?

பெரிய படகுக்குத் தனியாக ஓட்ட, பெரும்பாலும் முடியாது. 21 அல்லது 25 வயதுக்குக் கீழ் பெயரைப் பார்த்தாலே சில நிறுவனங்கள் விலைப்புள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். பெற்றோர் பக்கத்தில் இருக்க ஓட்டும் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். அது கிடைத்தால் நாட்கள் சேரும்.

வேறு வீட்டில் வசிக்கும் மகன், மருமகன், மைத்துனர்?

பல பாலிசிகளில் ‘காப்பீடு பெற்றவர்’ என்பதற்கான விளக்கம் ஒரே வீட்டில் வசிக்கும் உறவினரோடு நின்றுவிடும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் ஆப்பரேட்டராகச் சேரலாம், ஆனால் காப்பீடு பெற்றவராக ஆகிவிடமாட்டார். இதனால் என்ன? அவர் ஓட்டி யாரையாவது காயப்படுத்தினால், உங்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் அவருக்காகவும் வாதாடுவாரா என்பது இந்த விளக்கத்தைப் பொறுத்தது. “அனுமதி பெற்று ஓட்டுபவருக்கும் பொறுப்புக் காப்பு உண்டு” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் செலவைப் பகிர்ந்துகொள்வதைத் தாண்டி மைத்துனர் பணம் எதுவும் தந்தால் அது வாடகையாகப் பார்க்கப்படலாம்.

படகு எல்.எல்.சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) பெயரில் இருக்கிறது.

அப்படியானால் பாலிசியின் முதல் பெயர் எல்.எல்.சி. அதற்கு மனைவியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. ‘ஒரே வீட்டில் வசிக்கும் உறவினர்’ என்ற வரி அர்த்தமே இழந்துவிடும். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் கூடுதல் காப்பீடு பெற்றவராகவும், ஓட்டுபவரானால் ஆப்பரேட்டராகவும், இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். வரிக்காகவோ வாரிசுக்காகவோ பாதியில் படகை எல்.எல்.சிக்கோ ட்ரஸ்டுக்கோ மாற்றிவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், உரிமை மாறியதால் பாலிசியே முடிந்துவிட்டதாகச் சொல்லும் வாசகங்கள் பரவலாக உண்டு. மாற்றும் முன் சொல்லுங்கள்.

வீட்டு இன்சூரன்ஸோ அம்ப்ரெல்லா பாலிசியோ கைகொடுக்காதா?

வழக்கமான வீட்டுப் பாலிசியில், சொந்தமான இன்போர்டு (இன்ஜின் உள்ளே பொருத்திய) படகின் பொறுப்பு விலக்கப்பட்டிருக்கும். படகுச் சேதத்துக்கு அதில் கிடைக்கும் உச்சத் தொகை பொதுவாக 1,500 டாலர். ப்ரொப்பெல்லர் ஒன்றுக்குக்கூடப் பத்தாது. மற்றப் பாலிசிகளின் பொறுப்புக் காப்புக்கு மேல் கூடுதலாக நிற்கும் அம்ப்ரெல்லா பயன்படும், ஆனால் படகின் பெயர் அதன் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும், அடியில் இருக்கும் படகுப் பாலிசியில் பெரும்பாலும் 3 லட்சம் அல்லது 5 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பு இருக்க வேண்டும். அதோடு, அடிப்பாலிசியில் ஏற்காத ஆளை அம்ப்ரெல்லாவும் ஏற்காமல் போகலாம்.

மகன் ஓட்டும்போது அடிபட்டது தாய்க்கே என்றால்?

குடும்பத்தினருக்குள் வரும் காயத்தைப் பொறுப்புக் காப்பிலிருந்து விலக்கும் வாசகம் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவச் செலவுப் பிரிவு மட்டும் மிஞ்சும். அதன் தொகை பெரும்பாலும் சிறியது. உயர்த்தக் கூடுதல் பிரீமியம் அதிகம் ஆகாது, உயர்த்திவிடுங்கள்.

ஃப்ளோரிடாவில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே சட்டம் படகை ‘ஆபத்தான கருவி’ என்கிறது. கவனக்குறைவாக ஓட்டியதற்கான பொறுப்பு ஓட்டியவருடையது. உரிமையாளர் படகில் இருந்தால் அவருக்கும் உண்டு. கார் வைத்திருப்பவர்கள் பழகிய விதிக்கு இது தலைகீழ். பிள்ளையோடு கூடப் போவது பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் பொறுப்பும் கூடவே வரும். அதனால்தான் இருவர் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும் என்கிறோம்.

பட்டியலில் இல்லாதவர் ஒரு முறை ஓட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது?

விபத்தானால் கடலோரக் காவல்படை அறிக்கையில் ஓட்டியவர் பெயர் கேட்கப்படும். படகின் வழிகாட்டித் திரையில் போன தடம் பதிந்திருக்கும். பக்கத்துப் படகில் கைபேசி இருக்கும்.

கடல் இன்சூரன்ஸில் ‘உச்ச நம்பிக்கை’ என்ற பழைய விதி உண்டு. முக்கியமான தகவலை மறைத்தால், தெரியாமல் விட்டிருந்தாலும் பல நீதிமன்றங்களில் பாலிசியையே ரத்து செய்ய முடியும். நிபந்தனைகளை எவ்வளவு கறாராகப் பிடிப்பார்கள் என்பதற்கு ஒரு வழக்கைப் பாருங்கள். 2019-இல் ஃபோர்ட் லாடர்டேல் அருகே ஒரு யாட் தரைதட்டியது. தீயே பிடிக்கவில்லை. ஆனாலும் தீயணைப்புக் கருவிகளுக்கு உரிய நேரத்தில் மறுசான்று பெறவில்லை என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுத்தது. ‘கிரேட் லேக்ஸ் – ரெய்டர்ஸ் ரிட்ரீட்’ என்ற அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 பிப்ரவரி 21 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது, பாலிசியில் எந்த மாநிலச் சட்டம் என்று எழுதியிருக்கிறதோ பொதுவாக அதுவே செல்லும் என்பது. ஆகவே உங்கள் மாநிலச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிராமல், பாலிசியில் ‘நியூயார்க் சட்டம்’ என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

உரிமையாளருக்கு நெஞ்சுவலி வந்து, பட்டியலில் இல்லாத மனைவி ஓட்டிக் கரைசேர்த்தால்?

உயிர் முதலில், பாலிசி பிறகு, ஓட்டட்டும். ஆனால் இந்தக் கேள்வியின் உண்மையான விடை, வீட்டில் இரண்டாவதாக ஒருவரை எப்போதும் பட்டியலில் வைத்திருப்பதுதான்.

கூட இருக்கும் சிறு படகுக்கும் ஜெட் ஸ்கீக்கும் இதே பட்டியலா?

டெண்டர் எனப்படும் அந்தச் சிறு படகு பெரும்பாலும் தாய்ப்படகின் பாலிசியில் அடங்கும், ஆனால் அதை யார் ஓட்டலாம் என்பதைத் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் கை வைப்பது அதில்தான். 26 அடிக்குக் கீழ்ப்பட்ட படகில் இன்ஜின் நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. பெரிய படகில் பழகியவர்கள் டெண்டரில் இதை மறந்துவிடுகிறார்கள். ஜெட் ஸ்கீக்குப் பெரும்பாலும் தனிப் பாலிசி வேண்டும்.

குடும்பத்தினர் ஓட்டும்போது விபத்து நடந்துவிட்டது. முதலில் என்ன?

ஆட்களைக் கவனியுங்கள், பிறகு படங்கள் எடுங்கள். உயிரிழப்பு, ஆள் காணாமற்போதல், முதலுதவியைத் தாண்டிய காயம், அல்லது 2,000 டாலருக்குக் குறையாத சேதம் என்றால் அறிக்கை தர வேண்டும். விபத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நேர்ந்த மரணத்துக்கும், காயத்துக்கும் கெடு 48 மணி நேரம், சேதம் மட்டுமானால் 10 நாள். நிறுவனத்துக்கு அன்றே சொல்லுங்கள். ஓட்டியவர் யார் என்பதை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி, உள்ளபடி எழுதுங்கள். மகனைக் காப்பாற்ற அப்பா தான் ஓட்டியதாகச் சொல்லும் கதை, திரைப்பதிவில் மாட்டும்போது பாலிசியோடு சேர்த்து அப்பாவையும் இழுத்துக்கொண்டு போகும்.

விவாகரத்தான மனைவியின் பெயரை எடுக்க ஏஜெண்டுக்கு ஒரு மின்னஞ்சல் போதுமா?

வெறும் ஆப்பரேட்டராக இருந்தால் பெரும்பாலும் போதும். படகின் உரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் இருந்தாலோ, பாலிசியில் காப்பீடு பெற்றவராக இருந்தாலோ, அவர் கையெழுத்தில்லாமல் நீக்கமாட்டார்கள். உரிமைப் பத்திரத்தை முதலில் மாற்றுங்கள்.